ஒரகடத்து அறைகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு



சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், களியாம்பூண்டி, திருப்புலிவனம் என்று உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கிளம்பிப் போய், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் தங்கிக் கம்பெனி வேலை பார்க்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு முதல் தடுப்பூசி போட்டவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பெயர் மறந்திருந்தாலும் நர்ஸம்மா என்றால் உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச காலமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்கள் உங்கள் அப்பா, பெரியப்பா வயதுக்காரர்கள். இப்போது வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக மெடிக்கல் எடுத்த பையன், முப்பது வயதுகூட ஆகாதவன், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறான். "இது என்ன நர்ஸம்மா, அதிகமா காட்டுது?" பெண் பிள்ளைகள் வந்தால் ரத்தம் குறைவு, தலைசுற்றல், மாதவிலக்கு தப்புகிறது. இரண்டுக்கும் ஊரில் சொல்கிற காரணம் ஒன்றுதான்: வெளியில் கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டது. பாவம், பெற்றவர்களும் அதையே நம்பி வேதனைப்படுகிறார்கள். அது பாதிகூட உண்மையில்லை. உங்கள் நாக்கு கெட்டுப்போகவில்லை. அடுப்பும் நேரமும் உங்கள் கையை விட்டுப் போய்விட்டன. நான் சொல்ல வருவது இதைத்தான்.

என் தங்கை மகன் தங்கியிருக்கும் அறைக்கு ஒருமுறை போயிருந்தேன். ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி உள்ளே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள். ஒரே அறை, ஆறு பேர். மூன்று பேர் ஷிப்டுக்குக் கிளம்பினால் வேலை முடித்து வந்த மூன்று பேர் அதே பாயில் படுப்பார்கள். கேஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடுவதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் கரண்ட் பில் எகிறும் என்று அதற்கும் தடை. ஒரே ஒரு ரைஸ் குக்கருக்கு மட்டும் அனுமதி. ஜன்னல் திட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் பருப்புப்பொடி, ஒன்றில் புளிக்காய்ச்சல், ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அம்மா கொடுத்தனுப்பியது. காயென்று ஒரு தக்காளிகூட அந்த அறையில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "கழுவ எங்க பெரியம்மா தண்ணி? குழாய்ல உப்புத் தண்ணி, குடிக்கிறது கேன் தண்ணி. நறுக்கினா குப்பையைக் கொட்ட இடமில்லை. பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து யாரு நறுக்குறது?" என்றான். ஆக, அவர்கள் சாப்பிடுவது அம்மாவின் கைப்பக்குவம்தான், அம்மாவின் சமையல் இல்லை. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் பொடி, ஊறுகாய். அலுத்துப்போன அன்று முக்கில் பரோட்டா சால்னா, சிக்கன் ரைஸ். நின்ற காலும் கொதிக்கிற தலையுமாக வருகிறவனுக்கு இருபது நிமிடத்தில் சூடாக ஏதாவது வேண்டும். அதைக் கொடுக்கிற ஒரே இடம் அந்தக் கடைதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து அந்தச் சோற்றைப் பற்றி. உங்கள் தாத்தா ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட்டார் தெரியுமா? மலை போலக் குவித்த தட்டு. விடியலில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ குடித்துவிட்டு ஏர் பிடித்தவர், ஏற்றம் இறைத்தவர், பரம்படித்தவர். அவர் உடம்பு அதை எரித்தது. அந்தத் தட்டின் அளவு மட்டும் அப்படியே உங்கள் வரைக்கும் வந்திருக்கிறது, வேலை வரவில்லை. அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்றால் கால் வலிக்கும், முதுகு போகும், ஆனால் நாற்று நட்டு, கட்டுத் தூக்கிச் செலவாகிற சக்தி அதில் செலவாகாது. களைப்பு வேறு, உழைப்பில் எரிகிற சக்தி வேறு. "நாங்களும்தான் நாள் முழுக்கக் கஷ்டப்படுறோம்" என்று நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. உடம்பின் கணக்கு மட்டும் அந்தக் கஷ்டத்தை வரவு வைப்பதில்லை.

இதை ஒரு நல்ல ஆய்வு உடன்பிறந்தவர்களை வைத்தே பார்த்திருக்கிறது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு ஊர்களின் பெரிய தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த கிராமத்துக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கையைத் தேடிப் போய் அவர்களையும் பரிசோதித்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. ஊரிலேயே இருந்த ஆண்களில் நூற்றுக்கு 6.2 பேருக்குச் சர்க்கரை நோய். நகரத்துக்குப் போனவர்களில் 14.3. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே அடுப்பில் வளர்ந்தவர்கள். உடம்பில் கொழுப்பு சேர்வது நகரத்துக்குப் போன முதல் பத்து ஆண்டுகளில்தான் வேகமாக இருக்கிறது என்றும் அதே ஆய்வுக் குழு பிறகு கண்டது. நீங்கள் இப்போது இருப்பது அந்தப் பத்து ஆண்டுகளில்தான். அவசரமாக இந்தக் கடிதத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகரத்துக்குப் போனவர்கள் ஊரில் இருந்தவர்களைவிடக் காயும் பழமும் அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். பாலும் இறைச்சியும் அதிகம், சர்க்கரையும் அதிகம். இடம் பெயர்ந்தாலே சாப்பாடு கெட்டுவிடும் என்பதில்லை. கையில் காசு வந்தால் நல்லதும் சேர்ந்தே வருகிறது. நம் ஊரில் முன்பு எல்லாரும் சத்தாகச் சாப்பிட்டு இரும்பு போல இருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அறுப்புக்கு முந்தின மாதங்களில் ஒரு வேளைக் கஞ்சியோடு படுத்த வீடுகள் எனக்குத் தெரியும். மாலையானால் கண் தெரியாத குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு ஊற்றியவள் நான். அந்தப் பசி திரும்பி வரவே வேண்டாம். பசியோடு இருந்த தலைமுறைக்குப் பிறந்த உடம்புக்கு, தாராளமாகச் சாப்பாடு கிடைக்கிற காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

நம் உடம்பின் வாகு அப்படி. கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் தள்ளும். எடை பார்த்தால் சரியாகவே காட்டும். அதனால்தான் மருத்துவ முகாமுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அரைஞாண் கயிற்றை. ஒரு பையன் வந்தான், பார்க்க ஓணான் மாதிரி இருப்பான். அரைஞாண் கயிறு இடுப்புச் சதையில் பதிந்து கோடு போட்டிருந்தது, பழைய முடிச்சுக்குப் பக்கத்தில் புது நூலை இணைத்து நீட்டியிருந்தான். "எப்ப நீட்டின?" என்றேன். கம்பெனியில் சேர்ந்து இரண்டாம் தீபாவளிக்காம். டேப் வைத்து அளந்தால் 94 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே உள்ளே கொழுப்பு சேர்கிறது என்று பொருள். வெள்ளிக் கொடியோ கறுப்புக் கயிறோ, இறுக ஆரம்பித்தால் நீட்டி விட்டுவிடாமல் அன்றே ஒரு பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கும் இதுவேதான் நடந்தது. லண்டனில் சவுத்தால் பகுதியில் குடியேறிய நம் துணைக்கண்டத்து மக்களைப் பரிசோதித்த ஆய்வு 1991-இல் வந்தது. அவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குச் சர்க்கரை நோய், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்களில் 4. பஞ்சாபியின் ரொட்டி, சைவ குஜராத்தியின் பருப்பு, முஸ்லிம் வீட்டு இறைச்சி என்று ஒவ்வொருவர் தட்டும் வேறு வேறு. இடுப்புச் சதையும் சர்க்கரையும் எல்லாருக்கும் ஒன்றாகவே ஏறியிருந்தன. ஆகவே சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டால் சாப்பிட்டதுதான்.

ஊருக்கே திரும்பிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையையும் நம் காஞ்சிபுரத்தையும் நகரத்தை ஒட்டிய சில கிராமங்களையும் ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் சென்னையில் நூற்றுக்கு 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, அந்தக் கிராமங்களில் 9.2. காஞ்சிபுரம் அப்போதே சென்னையைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. இப்போது உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வீட்டுக்கு வீடு பைக். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பட்டினியைத் தீர்த்த அந்தத் திட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதோடு நீங்கள் அனுப்புகிற பணத்தில் அம்மா வாங்கி வைக்கிற பாமாயிலும் பிஸ்கட்டும் கலர் பாட்டிலும் சேர்கின்றன. நீங்கள் அறையில் சாப்பிடுவதை அவர்கள் திண்ணையில் சாப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் பணம் அனுப்பும்போது, சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்தாரா என்றும் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் நம் பக்கத்து ரோட்டு முனைகளுக்கு நாலு மணிக்கே வந்துவிடுகிறது. அந்நேரம் வயிற்றில் எது இறங்கும்? ஒரு டம்ளர் டீ. பிரேக்கில் இன்னொரு டீ, இரண்டு பிஸ்கட். லைனை விட்டு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்கள். அதனால் வருகிற சிறுநீர் எரிச்சலை யாரிடமும் சொல்வதுமில்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை கூடுதல். இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அந்தச் சத்து நன்றாக ஏறும். மாத்திரை வேண்டுமென்றால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் கொடுப்பார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

இதையெல்லாம் நீங்களாகத் தனித்தனியே செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். விடுதியில் போடுகிற சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும் என்கிற நிலையில் இருப்பவளிடம் கீரை சாப்பிடு என்று புத்தி சொல்வது நியாயமில்லை. 2021 டிசம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களோடு வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் உரக்கப் பேசவும் தயங்குகிற பிள்ளைகள் அவர்கள். சோற்றுக்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள், அதன் பிறகுதான் உலகம் அவர்கள் தட்டைத் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைப் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்தார்கள். நல்ல காரியம். அப்படிப்பட்ட இடங்களில் என்ன சமைக்க வேண்டும் என்பதில் அங்கே தங்குகிறவர்களுக்கும் குரல் இருக்க வேண்டும்.

அந்தக் குரலுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது, அதை நடத்தும் குழுவில் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் இருக்கவும் வழி வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்கிறது. உங்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியில் கேன்டீன் கமிட்டி இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நாம் உத்திரமேரூர்க்காரர்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்து, பானையில் ஓலை போட்டு ஆளெடுத்து, கணக்குக் காட்டாதவனை மறுபடி சேர்க்காதே என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர். அந்தச் சபையில் நம்மில் பலருக்கும், பெண்கள் யாருக்குமே, இடம் இருந்திருக்காது. உங்கள் கேன்டீன் கமிட்டியில் இடம் உண்டு. தினமும் ஒரு பயறோ சுண்டலோ, வாரத்தில் மூன்று நாளாவது கீரை, இரவு ஷிப்டுக்குச் சோற்றைக் குறைத்து முட்டையும் காயும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். நாலு பேர் கையெழுத்தோடு போனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இரவு ஷிப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால், பகலில் அதே சோறு ஏற்றுகிற சர்க்கரையைவிட அதிகமாக ஏற்றும். அந்த நேரத்தில் உடம்பு உறங்கத் தயாராக இருக்கிறது, சர்க்கரையைச் சமாளிக்கத் தயாராக இல்லை. போவதற்கு முன் எட்டு மணிக்கு நன்றாகச் சாப்பிடுங்கள். நடுவில் வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, மோர் போதும். தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் பாட்டிலை வாங்கிக் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள சர்க்கரையும் காபிச் சத்தும் சேர்ந்து விடிந்த பிறகும் தூங்கவிடாது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

ஒரு ரைஸ் குக்கரை வைத்தே எவ்வளவோ செய்யலாம். ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு டம்ளர் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ காராமணியோ ஊறப் போட்டுவிட்டுப் போங்கள். வந்ததும் உப்புப் போட்டு வேகவைத்து, வெங்காயம் கிள்ளிப் போட்டுச் சாப்பிடுங்கள். மேல் தட்டில் முட்டையும் சேர்ந்து வேகும். ஆறு பேரும் மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் கரண்டுக்கென்று கூடுதலாகத் தருகிறோம், இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க விடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது ஊறுகாய் பாட்டிலைக் குறைத்துக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையும் காயவைத்த முருங்கைக்கீரைப் பொடியும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அம்மாக்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, முருங்கை மரம் வேலியிலேயே நிற்கிறது. பழைய சோறு பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், குடலுக்கு நல்லது. சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் அதுவும் சோறுதான் என்பதை மனதில் வைத்து அளவாகச் சாப்பிட வேண்டும்.

பக்கத்து அறையில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருப்பார்களே, நம் பக்கத்துக் கல்குவாரிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டை விட்டு உங்களைவிடப் பல நூறு மைல் அதிகம் தள்ளி வந்தவர்கள். வார விடுமுறை நாளில் போய் அம்மா கையால் சாப்பிட்டு வர அவர்களால் முடியாது. ஒடிசாக்காரர்கள் வீட்டில் பகாலா என்று தண்ணீர் ஊற்றிப் புளித்த சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், நம் பழைய சோறேதான். பீகார்ப் பையன்கள் கொண்டைக்கடலை வறுத்து அரைத்த, 'சத்து' என்று அவர்கள் சொல்கிற மாவை வெங்காயமும் எலுமிச்சையும் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அதற்கு அடுப்பே வேண்டாம், புரதமும் நிறைய. அதை அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கீரை கடைவதை அவர்களுக்குக் காட்டுங்கள். சமையலைப் பங்கு போட்டால் எல்லாருக்கும் ஒரு நாள் வேலை, மற்ற நாட்களில் ஓய்வு.

செய்தால் பலன் உண்டா என்று சந்தேகம் வரும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, வேலைக்குப் போகிற தென்னிந்திய ஆண்கள் சுமார் ஐந்நூறு பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவே பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்கு நடக்கச் சொல்லியும் சாப்பாட்டைப் பற்றியும் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்திருந்தது, செய்தி வந்தவர்களில் 18. போன் இல்லாத பிள்ளை உங்களில் ஒருவரும் இல்லை. அறைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று கீரை சாப்பிட்டாயா, பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தாயா.

2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று கம்பெனிகளுக்குள்ளேயே பரிசோதிக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. உங்கள் கம்பெனிக்கு வந்தால் ஒளியாமல் கையை நீட்டுங்கள். வராவிட்டால் ஊருக்கு வரும்போது நம் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் டீ கூடக் குடிக்காமல் வர வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை இருந்தால் இன்னும் திருப்பிவிடலாம், பயப்பட வேண்டாம். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார், உறுதியானால் மாத்திரையை அன்றே தொடங்குவோம், அதுவும் இலவசம். பொங்கலுக்கு எல்லாரும் வருவீர்கள். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் அங்கே இருப்பேன். இந்த முறை உங்கள் அறைப் பிள்ளைகளையும், ஒடிசாப் பிள்ளைகளாக இருந்தாலும் சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா
உத்திரமேரூர்